உனக்கு வந்துகொண்டிருக்கும் புது ரெக்கார்டுகள்

அன்புள்ள அருள்,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்குக் கை வரவில்லை. நீ செத்துப்போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பார், செத்துப்போய் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லவே எனக்கு இத்தனை நாள் பிடித்தது. ஆண்டவரிடம் போய்விட்டான், காலமாகிவிட்டான் என்று ஊரே சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் ஏழுமலை கப்பல் ஏறப் போய்விட்டார். அவர் போவதற்கு முன்னால், உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பாய், இல்லையென்றால் "விடும்மா" என்று சொல்லியிருப்பாய். இரண்டில் எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேள்.

நீ கடை வைத்தது எனக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை, அது உனக்கே தெரியும். ஐ.டி.ஐ. படித்த பையன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்க அப்பா வேலை செய்த கம்பெனியிலேயே இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு ஓ.டி. மார்க்கெட் சந்தில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய ஒரு பொந்தைப் பிடித்தாய். இரண்டு டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், வாசலில் 'பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. ஜனங்கள் காலி கேஸட்டோடு வந்து, வேண்டிய சினிமாப் பாட்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீ சாயங்காலத்துக்குள் பதிந்து கொடுப்பாய். அதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நீ ஒரு கரும்பலகையை வேறு தெருவில் சாய்த்து வைத்து, 'இந்த மாதப் புதுவரவு' என்று தலைப்புப் போட்டு, மேலே சினிமாப் படங்களின் பெயர், அதற்குக் கீழே அமெரிக்கா ஒரு வரி, பிரேசில் ஒரு வரி என்று எழுதினாய். பூசை முடிந்து வருகிற வழியில் பக்கத்துத் தெரு டீச்சர், "என்னங்க, உங்க பையன் கடைப் பலகையில வாயில நுழையாத பேரா எழுதி வெச்சிருக்கானே" என்று கேட்டபோது எனக்கு மானமே போனது. "அதை எவண்டா வாங்குவான்?" என்று உன்னைக் கேட்டேன். "யாரும் வாங்கலைன்னா நான் கேட்டுக்கறேம்மா" என்றாய். வியாபாரம் பண்ணுகிறவன் பேசுகிற பேச்சா அது.

அந்தப் பாட்டெல்லாம் என்ன என்று நான் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. நீதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, நான் மசாலா அரைக்க அரைக்கச் சொல்லிக்கொண்டிருப்பாய். "ஜாஸ்ங்கறது நீ குழம்பு வைக்கிற மாதிரிம்மா. பேரு அதே மீன் குழம்புதான், ஆனா ஒரு நாள் வெச்ச மாதிரி இன்னொரு நாள் வைக்க மாட்டே." நான் அதைக் குறை சொல்கிறாய் என்று நினைத்துக் கோபப்பட்டேன். சோல் என்றால் கோயிலில் பாடிப் பழகினவர்கள் வெளியே வந்து அதே தொண்டையில் காதலுக்குப் பாடுவது என்றாய். "பாதருக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவார்" என்றேன். பிரேசில்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் உன் குரலே மாறிவிடும். அவர்கள் சந்தோஷமாக இருக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு அழுகையை வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள் என்றாய். எனக்கு வேலை கிடந்தது. "சரி சரி, போய்த் தேங்காய் துருவு" என்று விரட்டினேன். இன்று யாராவது அந்த வாசலில் உட்கார்ந்து அப்படிப் பேசினால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன்.

ஏழுமலை உன் கடைக்கு வந்த கதையையும் நீதான் சொன்னாய். பூந்தமல்லிக்காரர், சரக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷம் பூராவும் கடலில் கிடந்துவிட்டு லீவில் வந்தவர், தான் இல்லாத நேரத்தில் என்னென்ன பாட்டு வந்ததோ எல்லாவற்றையும் பதிந்து கொடு என்று ஒரு பை நிறைய கேஸட்டோடு வந்து நின்றாராம். எந்தெந்த ஊருக்கெல்லாம் கப்பல் போகும் என்று நீ கேட்டிருக்கிறாய். பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகம் என்று அவர் சொன்னதும் உனக்குக் காய்ச்சலே வந்திருக்கும். அன்றைக்கே பேசி முடித்தீர்கள், புதுசுக்குப் புதுசு என்று. அவர் போகிற ஊரில் அந்த வருஷம் வந்த ரெக்கார்டுகளை உனக்குக் கொண்டுவர வேண்டும், அவர் கடலில் இருந்தபோது வந்த சினிமாப் பாட்டையெல்லாம் நீ பதிந்து தரவேண்டும். அவருக்கு அந்தப் பாட்டில் நல்லது கெட்டது தெரியாது என்பதால் நீ ஒரு வழி சொல்லிக் கொடுத்தாய். "எதையும் தேடாதேண்ணா. கடைக்குள்ள நுழையறப்போ எந்தப் பாட்டு ஓடிட்டிருக்கோ, அதை எடுத்துக் கொடுன்னு கையைக் காட்டு. கடைக்காரன் தனக்காகப் போட்டுக் கேக்கறது எப்பவும் நல்லா இருக்கும்." இதை என்னிடம் சொல்லும்போது கண்ணடித்தாய். இன்னொன்றும் செய்தாய். அவருக்குப் பதிந்து கொடுக்கும் கேஸட்டில் கடைசியாகக் கொஞ்சம் இடம் மிஞ்சுமே, அதில் போன தடவை அவர் கொண்டுவந்த ரெக்கார்டிலிருந்து உனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பதிந்துவிடுவாய். சுமந்து வந்தவருக்குத் தான் எதைச் சுமந்து வந்தோம் என்று தெரிய வேண்டாமா என்பாய்.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. நான் பத்தியம் போட்டேன், கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன், காமாலை இறங்க மந்திரித்த மோதிரம் போட்டுவிடும் ஆளிடம் கூட்டிப்போனேன். என் அண்ணனுக்கும் எனக்கும் அப்படித்தான் சரியானது, உனக்கும் ஆகும் என்று நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

நீ போய்க் கொஞ்ச காலத்துக்கெல்லாம் கடையைக் காலி செய்தோம். டெக்குகளையும் ரெக்கார்டு பிளேயரையும் உங்க அப்பா ஒரு மீன்பாடி வண்டியில் வைத்துக் கோவில்பதாகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். யார் கேட்டும் விற்கவில்லை. அந்த வருஷம் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலை. கடை பூட்டியிருக்கிறதே என்று, நீ எப்போதோ எழுதிக் கொடுத்த வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டோவை அணைக்கக்கூட விடவில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே ஒரு அட்டைப் பார்சலை நீட்டினார். "யக்கா, தம்பி கடைய மாத்திட்டானா? சரி, நான் அவசரமா வானகரம் போவணும், தங்கச்சி ஊட்ல பங்ஷன் கீது. இத்த தம்பிகிட்ட குட்த்துடு. கேஸட்ட கப்பலுக்குப் போவச்சொல்ல வந்து வாங்கிக்கிறேன்." நான் சொல்லியிருக்க வேண்டும். அருள் இல்லை என்று இரண்டே வார்த்தை. பார்சல் என் கையில் இருந்தது, அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவில் உன் பெயரை எழுதியிருந்தார். பல மாதமாக உன் பெயர் எழுதிய எதுவும் வீட்டுக்கு வரவில்லை, டெத் சர்டிபிகேட்டைத் தவிர. நான் "சரி" என்றேன். ஆட்டோ போய்விட்டது.

யோசித்துப் பார், உன்னைத் தெரிந்த ஒவ்வொருத்தருக்கும் நீ இல்லை என்று தெரியும். என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்த ஒரு மனிதர் மட்டும்தான் நீ கடை மாற்றிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, உனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்குகிறார். அவர் மனசில் நீ இன்னும் கேஸட் பதிந்துகொண்டிருக்கிறாய். அதை நான் எப்படிப் போய் அணைப்பேன். அவர் திரும்பி வருவதற்குள் கேஸட் தயாராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் புத்தியில் இருந்தது.

ஆவடி மார்க்கெட்டில் போய் அந்த வருஷத்துப் படக் கேஸட்டுகளை வாங்கி வந்தேன். உன் டெக்கில் எந்தப் பொத்தானை எதோடு சேர்த்து அமுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு கேஸட்டின் நாடா முழுவதையும் அது தின்றது. பிறகு பழகிவிட்டேன். உறையில் பாட்டுப் பெயர்களை உன் எழுத்து மாதிரியே எழுதினேன், அந்த 'ழ'வை நீ சுழித்துவிடுவாயே, அதே மாதிரி. கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அங்கே அவர் கொண்டுவந்ததிலிருந்து ஒரு பாட்டு வேண்டும். எது உனக்குப் பிடித்திருக்கும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நான் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அப்படித்தானடா உன் அம்மா கேட்க ஆரம்பித்தாள். பார்சலில் மூன்று ரெக்கார்டு. ஒன்றில் ஒரு ஆள் ஊதிக்கொண்டே இருந்தான். எதிர்வீட்டு அம்மா வந்து கல்யாணமா என்று கேட்டாள். இன்னொன்றில் ஒருத்தன் கெஞ்சிக் கெஞ்சிப் பாடினான். மூன்றாவதில் ஒரு பெண், கூடவே ஒரே ஒரு கிடார். அவள் வாயைத் திறந்தே பாடவில்லை, யாரையோ தூங்க வைத்துவிட்டு எழுந்து போகிறவள் மாதிரி முனகினாள். பாஷை ஒரு எழுத்து புரியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்ன அந்த அழுகை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதையே பதிந்தேன். ஏழுமலை ஊருக்குக் கிளம்பிய அன்று கேட்டிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

உங்க அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் உன் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தார். நான் அதைச் சுவரில் மாட்ட விடவில்லை, துணி சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். ஏழுமலை வந்தால் பார்த்துவிடுவாரே. "அந்த மனுஷன்கிட்ட சொல்லிடு. பாவம் அவரு" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். "சொல்லலாம், சொல்லலாம்" என்பேன். அடுத்த வருஷம் ஏழுமலை மறுபடி வந்து, இந்தத் தடவை உள்ளேயே வந்து உட்கார்ந்து, காப்பி குடித்தார். "தம்பி எங்கக்கா?" என்று கேட்டார். பெங்களூரில் வேலை என்றேன், அவ்வளவு சுலபமாக வந்தது வாயில். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். "போன வாட்டி கடைசில ஒரு பாட்டு வெச்சிருந்தான் பாரு, அந்தப் பொம்பள பாட்டு, அத்த கப்பல்ல எல்லாரும் கேட்டானுங்க. பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன் அழுதே பூட்டான். தம்பிக்கு இன்னா காது கீது பாரு" என்றார். நீ பதிந்ததாக நினைத்து உன்னை மெச்சினார். எனக்கு அன்றைக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வது. உன்னைப் பெற்றபோது கூட அப்படி இல்லை.

கடிதம் என்றால் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும். உனக்குச் சொல்ல நான் நிறைய சேர்த்துத்தான் வைத்திருந்தேன், உன் கல்யாணத்துக்காக. அவளுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைத்து வை, ஆனால் நிறுத்தாதே. ரெக்கார்டை அவள் தொட்டால் கீறல் விழும் என்று பதறாதே, கீறல் விழுந்தால் விழட்டும். கடையிலிருந்து லேட்டாக வந்தால் யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடு, என்னை வாசலில் நிற்க வைத்த மாதிரி அவளையும் நிற்க வைக்காதே. மாமியார் வீட்டில் மீன் குழம்பு எப்படி இருந்தாலும் என்னுடையதைப் பற்றிப் பேசாதே. இதையெல்லாம் இப்போது யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? எதிர்வீட்டுப் பையனுக்குச் சித்திரையில் கல்யாணம் நடந்தது. அவனிடமாவது சொல்லலாம் என்று மண்டபத்தில் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டு நின்றான். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இந்த வருஷம் ஏழுமலை வந்தது ஐப்பசியில். வரும்போதே அவர் கையில் அட்டைப் பார்சல் இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்னதாக, சதுரமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "ரெக்கார்டெல்லாம் கடைலேர்ந்து எட்த்துட்டானுங்கக்கா. இப்ப இத்தான். சிடி. தம்பிகிட்ட மிஷின் கீதுல்ல?" தலையை ஆட்டினேன். எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வாட்டி தம்பிய பாக்காம போமாட்டேன். ரெண்டு வருசமா மூஞ்சியே காட்டல. பெங்களூர்லேர்ந்து வரச்சொல்லுக்கா, கார்த்திகை வரைக்கும் இங்கதான் கீறேன்" என்றார். அவர் போனதும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வெள்ளித்தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. அதில் என் முகம்தான் தெரிந்தது. ஊசி வைக்க ஒரு கோடுகூட இல்லை.

வீட்டில் அதைப் போட எதுவும் இல்லை. கேட்காமல் எப்படிப் பாட்டை எடுப்பது, கேட்காமல் அவரிடம் என்ன சொல்வது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூர் போனேன், எஸ்டேட் ரோட்டில் டிவி, பிரிட்ஜ் எல்லாம் விற்கிற பெரிய ஷோரூம் ஒன்று திறந்திருக்கிறார்கள். வாங்க வந்தவள் மாதிரி நின்றேன். ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், டை கட்டியிருந்தான், ஓடி வந்து ஒவ்வொரு மிஷினாகக் காட்டினான். "இதுல இதைப் போட்டுக் காட்டுப்பா" என்று சிடியை நீட்டினேன். அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இங்கிலீஷா மேடம்?" "இல்லப்பா, பிரேசில்." ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போட்டான்.

அந்தக் கடையின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். முதலில் ஒரு கிடார், பிறகு மேளம் மாதிரி ஒன்று, தொலைவில் எங்கோ தட்டுவது போல. அப்புறம் அவள் குரல். ஆமாம், அதே பெண். முதல் பார்சலில் வந்தாளே, அவளேதான். கொஞ்சம் வயசாகியிருந்தது குரலுக்கு. பிரிட்ஜ் பார்க்க வந்த குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டே, இதைக் கேட்டால் நீ என்ன செய்வாய் என்று நினைத்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவாய். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்து, "யாருக்கு மேடம் இது, உங்களுக்கா?" என்றான். "என் பையனுக்கு" என்றேன். அவன் சந்தோஷமாகச் சொன்னான், "அப்ப ஒண்ணு பண்ணுங்க. சன்டே அவரையே கூட்டிட்டு வாங்க. அவரே கேட்டுப் பார்த்து செலக்ட் பண்ணிக்கட்டும். கேக்கறவங்க காதுக்குத்தான் தெரியும்." "அவன் வர மாட்டான்பா." "பிஸியா மேடம்? நைட் எட்டரை வரைக்கும் திறந்திருக்கும்." அவன் தப்பாக ஒன்றுமே கேட்கவில்லை. என் வாயில் அது தானாக வந்தது. "அவன் செத்துட்டான்பா. மூணு வருஷம் ஆகுது." அந்தப் பையன் கை ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தப் பார்த்தது. "நிறுத்தாதே, முடியட்டும்" என்றேன். அவனும் நானும் நின்றபடியே கடைசிவரை கேட்டோம். அவன் யாருடைய பிள்ளையோ, நல்ல பிள்ளை. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் உங்க அப்பாவிடம், "படத்தை மாட்டிடுங்க" என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். ஆணி, சுத்தி, மெழுகுவர்த்தி வைக்க ஒரு சின்னப் பலகை எல்லாம் எப்போதோ வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். அடிக்கும்போது சுத்தி அவர் விரலில் பட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுதார். நீ போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதுவும் பேசாத மனிதர் என்று நினைத்துவிட்டேன். நான்தான் அவரைப் பேச விடவில்லை.

ஏழுமலை மறுபடி வந்த அன்று, படமே சொல்லிவிடட்டும், நான் உள்ளே இருந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் அது ரொம்பக் கேவலமாகப் பட்டது. செருப்பு போடாமல் கேட்டுக்கு ஓடினேன். அவர் கையில் உனக்காக ஒரு சட்டைத்துணி இருந்தது. "இன்னாக்கா, தம்பி வந்துட்டானா?" என்று சிரித்தார். "ஏழுமலை, அருள் செத்துட்டான். நீங்க முதல் தடவை பார்சல் கொண்டாந்து கொடுத்தீங்களே, அதுக்கு முன்னாலயே. காமாலையில. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. கேஸட்டெல்லாம் நான்தான் பதிஞ்சேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் சிரிப்பை மாற்றக்கூட இல்லை. பிறகு ஆட்டோக்காரரைப் போகச் சொன்னார். வாசல் படியில் உட்கார்ந்தார். திடீரென்று என்மேல் பாய்ந்தார். "இன்னாக்கா நீ. ரெண்டு வருசம். ஒரு மாலை போட உடலியே என்னிய. நான் பாட்டுக்கு தம்பிக்கு இது புடிக்குமா அது புடிக்குமான்னு நெனச்சிகினு கடல்ல சுத்திகினு கீறேன்." திட்டட்டும் என்று நின்றேன். டாக்டர் திட்டாததையும் சேர்த்து அவர் திட்டினார். அப்புறம் எழுந்து உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்று, அந்தச் சட்டைத்துணியைப் பலகைமேல் வைத்தார். "அந்தப் பாட்டு நீ வெச்சதாக்கா? அந்தப் பொம்பள பாட்டு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தம்பி வெச்சிருந்தாலும் அத்தத்தான் வெச்சிருப்பான்" என்றார்.

காப்பி ஆறும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். சாண்டோஸில் ஒரு கிழவர் கடை வைத்திருக்கிறாராம். முதல் தடவை ஏழுமலை போய்க் கையைக் காட்டி, ஓடுகிற பாட்டைக் கொடு என்றபோது அவர் ஒன்றும் விளங்காமல் முழித்தாராம். அடுத்தடுத்த தடவை யாருக்கு என்று விசாரித்து, மெட்ராஸில் ஒரு பையன், அவனுக்குக் கடை இருக்கிறது, அவன் காதுக்குப் பிடிக்க வேண்டும் என்று கை ஜாடையில் புரிந்துகொண்டாராம். நான் பதிந்த கேஸட்டை ஏழுமலை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நம் சினிமாப் பாட்டுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் தான் கொடுத்த ரெக்கார்டிலிருந்தே ஒன்று வந்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். "அப்பலேர்ந்து அந்தாளு நான் வர்றவரைக்கும் காத்துகினு கெடக்கறது இல்லக்கா. புதுசா நல்லது எது வந்தாலும் ஒண்ணு தனியா எட்த்து கல்லாவுக்குக் கீழ வெச்சிடறான். மெட்ராஸ், மெட்ராஸ்ம்பான். இப்ப போனாலும் எட்த்து வெச்சிருப்பான். அவன்கிட்ட நான் இன்னாக்கா சொல்றது?"

சொல்லாதீர்கள் என்று என் உடம்பெல்லாம் கத்தியது. கடலுக்கு அந்தப் பக்கம், பேர் தெரியாத ஒருத்தர் கல்லாவுக்குக் கீழே உனக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் அறியாத இடம். அதையும் என் கையாலேயே எடுக்க வேண்டுமா? உங்க அப்பா கட்டுப்போட்ட விரலோடு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை இன்னொரு வருஷம், இன்னொரு வருஷம் என்று அந்தக் கிழவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "சொல்லிடுங்க" என்றேன். "பார்த்ததும் சொல்லிடுங்க. காப்பி கொடுத்தா குடிக்கறதுக்கு முன்னாலயே."

இதுதான் அருள் நான் உன்னைக் கேட்காமல் செய்த காரியம். சரியா தப்பா என்று சொல்ல நீ இல்லை. சொன்னதும் அந்தக் கிழவர் உனக்காக எடுத்து வைத்ததையெல்லாம் கீழேயிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் சொருகிவிடுவார். வேறு யாராவது வந்து வாங்கிப்போவார்கள். போகட்டும், பாட்டு கேட்கத்தானே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இன்னொரு வருஷம் இன்னொன்று பாடுவாள், அது வந்ததே நமக்குத் தெரியாமல் போகும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஏழுமலை பம்பாய் போய்க் கப்பல் ஏறியிருப்பார். வழியில் நாலைந்து துறைமுகத்தில் நின்று, சரக்கு ஏற்றி இறக்கி, சாண்டோஸ் போய்ச் சேரக் கிறிஸ்துமஸ் தாண்டிவிடும் என்றார். நான் தினமும் காலையில் எழுந்ததும் கணக்குப் பார்க்கிறேன். கப்பல் இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தக் கடையில் இன்றைக்கும் உனக்கு ஒன்று எடுத்து வைத்திருப்பார்கள்.

அம்மா